தண்ணீரில் நின்றதா, வேகம் ஏறவில்லையா? ஃபோர் வீல் டிரைவ் வண்டியை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

ஓடையை அழகாகத் தாண்டி வந்த வண்டி மறுநாள் தார் ரோட்டில் மக்கர் பண்ணும். என் வண்டியிலும், கூட வந்தவர்கள் வண்டியிலும் இதைப் பலமுறை பார்த்துவிட்டேன். ஆள் நடக்கிற வேகத்தில் போகும்போது ஒளிந்திருக்கும் பழுது, 80 கிலோமீட்டர் வேகத்தில் வெளியே வந்துவிடும். பாதை ஓரத்தில் போட்ட ஒட்டும் அப்படித்தான். 20-ல் தாங்கும், 80-ல் தாங்காது. அதனால் தண்ணீரில் தொடங்கி, வழியில் கைவசம் உள்ளதை வைத்துச் செய்யும் பழுதுபார்ப்பு, கடைசியில் நெடுஞ்சாலை வேகம் என்று அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். உங்கள் வண்டி எந்த அறிகுறியைக் காட்டுகிறதோ, நேராக அந்தத் தலைப்புக்குப் போய்விடுங்கள்.

ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு கேள்வி: கடைசியாக வண்டியை என்ன செய்தீர்கள்? தண்ணீரில் இறக்கினீர்களா, சேற்றில் சுழற்றினீர்களா, டயரில் காற்றைக் குறைத்தீர்களா, லீவரை மாற்றினீர்களா, புதிதாக எதையாவது பொருத்தினீர்களா? பாதிக்கு மேற்பட்ட பழுதுகளுக்கு விடை அங்கேதான் கிடைத்திருக்கிறது.

அறிகுறி 1: தண்ணீருக்குள் இன்ஜின் நின்றுவிட்டது

சாவியைத் தொடாதீர்கள். இந்த முழுக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், ஒரே ஒரு ஸ்டார்ட் கனெக்டிங் ராடை, அதாவது பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கம்பியை, வளைத்துவிடும். 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர், 16:1 கம்ப்ரஷன் (உள்ளே வந்த காற்றைப் பதினாறில் ஒரு பங்காக அழுத்தும் அளவு) உள்ள டீசல் இன்ஜினில் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் ஒரு சிலிண்டருக்கு சுமார் 37 மில்லிதான். இரண்டரை மேசைக்கரண்டி. அதற்கு மேல் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் மேலே ஏற வழியே இல்லை, ஏனென்றால் தண்ணீர் சுருங்காது.

இன்ஜின் எப்படி நின்றது என்று யோசியுங்கள். திக்கித் திணறி, இருமி, மெதுவாக அணைந்தது என்றால் மின்சாரம் அல்லது எரிபொருள் பக்கம் சந்தேகப்படலாம். 'டக்' என்று சுவரில் மோதினாற்போல் நின்றது என்றால் சிலிண்டரில் தண்ணீர் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சாவியை முழுவதும் ஆஃப் செய்துவிட்டு வண்டியை வெளியே இழுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். கியரில் வைத்து இழுத்தால் சக்கரமே இன்ஜினைச் சுற்றிவிடும், சாவியைத் திருப்பாமலேயே ராட் வளையும். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் இழுக்கும் முறையைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கரைக்கு வந்ததும் ஏர் பாக்ஸை, அதாவது காற்று ஃபில்டர் இருக்கும் பெட்டியை, திறக்கவும்.

*ஃபில்டர் உலர்ந்திருந்தால்:* நல்ல சகுனம். ஃபில்டருக்கு அப்புறம் இன்ஜின் பக்கம் போகும் குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். அதுவும் உலர்ந்திருந்தால் தண்ணீர் உள்ளே போகவில்லை. அப்புறம் ஃபியூஸ் பெட்டி, சென்சார் கனெக்டர்கள், பெட்ரோல் வண்டியானால் இக்னிஷன் காயில்கள் ஆகியவற்றைத் துணியால் துடைத்து உலர்த்துங்கள். அரை மணி நேரம் காற்றாட விட்டாலே பல வண்டிகள் கிளம்பிவிடும்.

*ஃபில்டர் நனைந்திருந்தால்:* பெட்ரோல் இன்ஜினில் எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்ற வேண்டும், டீசலில் க்ளோ பிளக்கை (குளிரில் கிளம்ப சிலிண்டரைச் சூடாக்குவது) அல்லது இன்ஜெக்டரை (டீசலைப் பீய்ச்சுவது). எரிபொருளும் ஸ்பார்க்கும் வராதபடி ஃபியூஸ் அல்லது ரிலேயைப் பிடுங்கி வையுங்கள். ஸ்டார்ட்டர் போடாமல், முதலில் இன்ஜினின் முன்னால் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லியில் ஸ்பேனர் மாட்டி கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்றினால்தான் ஸ்டார்ட்டரைத் தொட வேண்டும், அதுவும் இரண்டு மூன்று விநாடி மட்டும். பிளக் துளையில் இருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், முகத்தைக் குனிந்து வைக்காதீர்கள். தண்ணீர் வருவது நின்ற பிறகு டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் பால் நிறத்திலோ, இருக்க வேண்டியதைவிட உயர்ந்தோ இருந்தால் ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

*மெக்கானிக் கட்டாயம் வேண்டும் என்றால்:* கையால் சுற்றும்போது ஒரு இடத்தில் முட்டி நிற்கிறது. கிளம்பிய பிறகு 'டொக் டொக்' என்று அடிக்கிறது. ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் வெள்ளைப் புகை வருகிறது. இவற்றில் எது இருந்தாலும் ராட் வளைந்திருக்க வாய்ப்புண்டு. "ஓடுகிறதே, வீடு வரை போய்விடலாம்" என்று ஓட்டினால் வளைந்த ராட் உடைந்து பிளாக்கைத் துளைக்கும். டீசல் இன்ஜெக்டர் கழற்றிப் பழக்கமில்லாதவர்கள் அந்த வேலையைக் காட்டில் தொடங்க வேண்டாம். உயர் அழுத்தக் குழாய்க்குள் ஒரு மண் துகள் போனாலும் அது தனிச் செலவு. இழுத்துக்கொண்டு போவது அதைவிட மலிவு.

அறிகுறி 2: ஸ்நார்கெல் இருக்கிறது, ஆனாலும் ஃபில்டர் நனைகிறது அல்லது உள்ளே தூசி படிகிறது

இன்ஜினுக்கான காற்றைக் கூரை உயரத்தில் இருந்து இழுக்கும் குழாய்தான் ஸ்நார்கெல். எனக்கு மிகவும் நெருக்கமான பழுது இது. புதிதாக ஸ்நார்கெல் மாட்டிய நண்பரின் வண்டி, பானெட் உயரத்துக்குக்கூடத் தண்ணீர் இல்லாத ஓடையில் நின்றது. ஏர் பாக்ஸைத் திறந்தோம். அடியில் ஒரு டம்ளர் தண்ணீர், அதன் மேல் ஒரு வேப்பிலை அளவு சருகு மிதந்துகொண்டிருந்தது. ஸ்நார்கெலின் தலை கூரைக்குப் பக்கத்தில், அங்கே ஒரு துளி ஈரம் இல்லை. தண்ணீர் வந்தது கீழே இருந்து. மழைத் தண்ணீர் வடிவதற்காக ஏர் பாக்ஸின் அடியில் கம்பெனியே வைத்திருந்த சின்ன ரப்பர் வால்வை, பொருத்தியவர் அடைக்க மறந்திருந்தார். மேலே ஒரு மீட்டர் குழாய், கீழே சுண்டுவிரல் தடிமனுக்கு ஓட்டை.

அதனால் தேடுவதைக் கீழிருந்து தொடங்குங்கள்.

முதலில் அந்த வடிகால் வால்வு. அதன் ரப்பர் உதடு காய்ந்து பிளந்திருந்தால் மாற்றவும். ஆழமான தண்ணீரில் அடிக்கடி இறங்குபவர் என்றால் ஸ்நார்கெலுடன் வந்த மூடியால் நிரந்தரமாக அடைத்துவிடலாம். ஆனால் அப்புறம் மழையில் தலை வழியாக வரும் தண்ணீர் வடிய வழியிருக்காது, அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஏர் பாக்ஸ் மூடியின் கிளிப்புகள். நான்கில் ஒன்று சரியாக விழவில்லை என்றாலே போதும். மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாவது, ஃபெண்டருக்குள் மறைந்திருக்கும் இணைப்பு. ஸ்நார்கெல் உடலும் ஏர் பாக்ஸும் சேரும் அந்த ரப்பர் முழங்கையில்தான் கிளாம்ப் தளரும். கரடுமுரடான பாதையின் அதிர்வில் ஒரு சுற்று தளர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. வெளியில் தெரியும் மண் கோடு மட்டும் அடையாளம் சொல்லும். இணைப்பைச் சுற்றி மெல்லிய மண் வளையம் ஒன்று உள்பக்கம் வரை போயிருந்தால், காற்று அங்கேதான் புகுகிறது.

*சோதனை:* வண்டி ஐடிலிங்கில் இருக்கும்போது ஸ்நார்கெலின் வாயை உள்ளங்கையால், அல்லது தடித்த ரப்பர் ஷீட்டால் முழுவதும் மூடுங்கள். சில விநாடிகளில் இன்ஜின் மூச்சு முட்டி அணைந்தால் குழாய் முழுவதும் இறுக்கமாக இருக்கிறது. எதுவும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருந்தால், வேறு எங்கோ மூச்சு விடுகிறது. ஐடிலிங்கில் மட்டும் செய்யுங்கள். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ரப்பர் குழாய்கள் உள்ளே இழுபட்டுச் சப்பிவிடும். மெல்லிய பிளாஸ்டிக் பையால் மூடவே கூடாது, உறிஞ்சிக்கொள்ளும்.

ஓட்டை இருக்கிறது, ஆனால் இடம் தெரியவில்லையா? கராஜில் புகை விட்டுப் பார்க்கும் இயந்திரம் இருக்கும். பத்து நிமிட வேலை, ஊகத்தில் எல்லா கிளாம்பையும் மாற்றுவதைவிட நல்லது.

தூசி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். தண்ணீர் உடனே காட்டிக்கொடுத்துவிடும், தூசி மாதக்கணக்கில் மௌனமாக டர்போவையும் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சுழலி) பிஸ்டன் வளையங்களையும் தேய்க்கும். ஃபில்டருக்கு அப்புறம் உள்ள சுத்தமான பக்கத்தில் வெள்ளைத் துணியை விரலில் சுற்றித் துடைத்துப் பாருங்கள். துணியில் செம்மண் நிறம் ஏறினால் ஃபில்டர் சரியாக உட்காரவில்லை, அல்லது அதற்கு அப்புறம் ஓட்டை இருக்கிறது. டர்போவின் இறக்கை நுனிகள் மங்கித் தேய்ந்து தெரிந்தாலோ, புகையும் ஆயில் செலவும் கூடியிருந்தாலோ மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள்.

அறிகுறி 3: ஸ்நார்கெல் போட்டதிலிருந்து இழுவை குறைவு, அல்லது காதருகே ஊதும் சத்தம்

சத்தம் இயல்பு. காற்று இழுக்கும் வாய் இப்போது கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, டர்போவின் விசிலும் அதன் வழியே கேட்கும். இழுவை குறைந்தால் தலையின் வலையில் இலை, பூச்சி, பிளாஸ்டிக் துண்டு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். தூசிக்காக மேலே சுழல் பிரிப்பான் மாட்டியிருந்தால் அதன் கிண்ணத்தைக் காலி செய்யுங்கள். ஃபில்டர் பழையதா என்று பாருங்கள்.

ஸ்நார்கெல் மாட்டினால் வேகம் கூடும் என்று சொல்லி விற்பார்கள். அதை நம்பி வாங்க வேண்டாம். தண்ணீரும் தூசியும் குறைந்த காற்றைத் தருவதுதான் அதன் வேலை, அதற்காக வாங்குவதே நியாயம். தலையை முன்பக்கம் திருப்பி வைப்பது வழக்கம். முன்னால் போகும் வண்டியின் புழுதியில் நீண்ட நேரம் ஓட்டும்போதும், பனிப்பொழிவிலும் பின்பக்கம் திருப்பி வைத்தால் ஃபில்டர் பிழைக்கும்.

அறிகுறி 4: தண்ணீரைத் தாண்டிய சில நாளில் டிஃபரன்ஷியல் ஆயில் பால் காபி நிறத்தில் இருக்கிறது

டிஃபரன்ஷியல் என்பது ஆக்ஸிலின் நடுவில் இருந்து இரு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி. ஸ்நார்கெல் இன்ஜினுக்கு மட்டும்தான். ஆக்ஸில், கியர்பாக்ஸ், இழுவையை முன்னும் பின்னும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகியவற்றுக்குத் தனித்தனி மூச்சுக்குழாய் உண்டு, அதை ப்ரீதர் என்பார்கள். ஓடிச் சூடான ஆக்ஸில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே உள்ள காற்று சுருங்கும், ப்ரீதர் தண்ணீருக்கு அடியில் இருந்தால் அந்தத் தண்ணீரையே உறிஞ்சும். ப்ரீதர் சேற்றில் அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாக உறிஞ்சும்.

சோதனை சுலபம். வண்டியை இரவு முழுவதும் சமதளத்தில் நிறுத்துங்கள். காலையில் டிஃபரன்ஷியலின் அடி பிளக்கை அரைச் சுற்று தளர்த்தி, கசிவதைக் கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். தண்ணீர் கனமானது, அதனால் அதுதான் முதலில் வரும்.

சரிசெய்வது: ஆயிலை வடித்து, புதிய ஆயில் ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி மறுபடியும் வடித்து, இறுதியாகச் சரியான தரத்தில் ஊற்றுங்கள். அதே கையோடு ப்ரீதர் குழாய்களை நீட்டி, இன்ஜின் அறையின் மேல் மூலை வரை, முடிந்தால் ஸ்நார்கெல் உயரத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். ஸ்நார்கெலுக்குச் செலவு செய்துவிட்டு இந்த ரப்பர் குழாயை விட்டுவிடுவது எனக்குத் தாங்கவே தாங்காத விஷயம்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் பால் நிறமானால் நீங்களே எதுவும் செய்ய வேண்டாம். உள்ளே உள்ள கிளட்ச் தகடுகளின் பூச்சு தண்ணீரில் பெயர்ந்துவிடும். ஓட்டாமல் நேரே கராஜுக்கு.

அறிகுறி 5: பாதையில் டயர் காற்று இறங்குகிறது

முதலில் வால்வு. மூடி தொலைந்த வால்வுக்குள் மண் புகுந்து ஊசி சரியாக உட்காராது. எச்சிலோ சோப்புத் தண்ணீரோ தடவினால் குமிழி வரும். ஊசியைச் சுழற்றி இறுக்குங்கள், இல்லையென்றால் மாற்றுங்கள்.

அடுத்து, டயர் விளிம்பும் ரிம்மும் சேரும் இடம். காற்றைக் குறைத்து ஓட்டும்போது அங்கே மணலோ புல்லோ நுழைந்துகொள்ளும். கொஞ்சம் காற்றை இறக்கி, விளிம்பை அழுத்தி, தண்ணீரால் கழுவி மறுபடியும் ஏற்றினால் போதும்.

ஓடும் பரப்பில் முள், ஆணி என்றால் பஞ்சர் கிட்டில் உள்ள பிசுபிசுப்பான ரப்பர் திரியைச் செருகுங்கள். துளையை அரத்தால் நன்றாகத் தேய்த்த பிறகு செருக வேண்டும், பலர் இதில் அவசரப்படுகிறார்கள். திரியின் நுனி ஒரு செ.மீ. வெளியே தெரியட்டும், மீதியை வெட்டிவிடலாம்.

பக்கச் சுவரில் கிழிசல் என்றால் கதை வேறு. இரண்டு மூன்று திரியைச் சேர்த்துச் செருகி பாதையை விட்டு வெளியே வரலாம், அவ்வளவுதான். அந்த டயரில் நெடுஞ்சாலை ஏறாதீர்கள். பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது, வேகம் கூடக்கூட சூடேறித் திரி வெளியே வரும். மாற்று டயரைப் போட்டுக்கொண்டு, கிழிந்ததைக் கடையில் தூக்கிப்போடச் சொல்லுங்கள்.

டயர் ரிம்மை விட்டே கழன்றுவிட்டால், வண்டியை ஜாக்கியில் தூக்கி, ரிம் விளிம்பைத் துடைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, ஓடும் பரப்பைச் சுற்றி ராட்செட் பட்டையைக் கட்டி இறுக்குங்கள். டயர் பிதுங்கி ரிம்மைத் தொடும். வால்வு ஊசியைக் கழற்றிவிட்டுக் காற்றை வேகமாக ஏற்றினால் 'பட் பட்' என்று உட்காரும். பட்டையை உடனே தளர்த்துங்கள். 40 பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்தத்தின் அளவு) வரை ஏற்றியும் உட்காரவில்லை என்றால் நிறுத்திவிட்டு மறுபடியும் சோப்பு தடவித் தொடங்குங்கள். ஸ்ப்ரே அடித்துத் தீ வைத்து உட்கார வைப்பதை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். கையும் கண்ணும் போன பிறகு டயர் உட்கார்ந்து என்ன பயன்? செய்யவே செய்யாதீர்கள்.

அறிகுறி 6: வெப்ப முள் ஏறுகிறது

நிறுத்துங்கள், பானெட்டைத் திறங்கள், ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். தடித்த துணியை வைத்து மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள், மெத்தென்று ஆகும் வரை காத்திருக்க வேண்டும்.

- ரேடியேட்டர் இதழ்களில் சேறு அப்பியிருக்கிறதா? ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில்தான் அதிகம் சேரும், முன்னால் இருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். ஆறிய பிறகு இன்ஜின் பக்கம் இருந்து வெளியே தள்ளுமாறு மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். அழுத்தமாக அடித்தால் இதழ் மடங்கும்.
- ஃபேன் சுற்றுகிறதா? மின்விசிறி என்றால் ஃபியூஸ், பெல்ட் என்றால் பெல்ட்.
- ஹோஸ் பிளந்திருக்கிறதா? நுனியில் பிளவு என்றால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு மறுபடியும் மாட்டுங்கள். நடுவில் என்றால் துடைத்து உலர்த்தி, தானாக ஒட்டும் சிலிக்கான் டேப்பை நன்றாக இழுத்து, பாதிக்குப் பாதி மேல்விழும்படி சுற்றுங்கள்.
- ரேடியேட்டரில் வட்ட வில்லாகக் கீறல் இருக்கிறதா? ஆழமான தண்ணீரில் வேகமாக இறங்கியதால் ஃபேன் இறக்கை முன்னால் வளைந்து உரசியிருக்கிறது. ஒழுகும் குழாயை மூக்குக் குறடால் நசுக்கி மடித்து, மேலே எபாக்ஸி புட்டி வைத்து அடைக்கலாம்.

ஒட்டிய பிறகு மூடியை முழுவதும் இறுக்காமல் முதல் பிடி வரை மட்டும் திருப்பி வைத்தால் அழுத்தம் ஏறாது, ஒட்டு பிழைக்கும். அதனால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், எனவே மெதுவாக ஓட்டி, அடிக்கடி நிறுத்தி ஊற்றிக்கொண்டே போக வேண்டும்.

கூலன்ட் தொட்டியில் விடாமல் குமிழி வருகிறது, சைலன்சரில் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை வருகிறது என்றால் ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் தலைக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு, போய்விட்டது. இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 7: 'டங்' என்ற சத்தம், அப்புறம் சக்கரத்துக்கு இழுவை இல்லை

கீழே போகும் முன் எல்லாச் சக்கரத்துக்கும் கட்டை வையுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஆக்ஸிலுக்கு இழுவையைக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றினால் கியரும் 'பார்க்'கும் வண்டியைப் பிடித்து நிறுத்தாமல் போகலாம். சில வண்டிகளில் கைப் பிரேக்கே டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால்தான் இருக்கிறது.

பின் ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் யூ ஜாயின்ட் (அதன் முனையில் உள்ள மடங்கும் மூட்டு) உடைந்திருந்தால் ஷாஃப்டை முழுவதும் கழற்றி வண்டிக்குள் போட்டுக்கொண்டு, ஃபோர் ஹையில் (நான்கு சக்கர இழுவை, சாதாரண வேகம்) முன் சக்கர இழுவையில் ஓட்டலாம். முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையே நடு டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில் அதை லாக் செய்ய வேண்டும். ஷாஃப்ட் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் நேரே செருகும் வகை என்றால் கழற்றியதும் ஆயில் கொட்டும், அந்த வாயை அடைக்காமல் ஓட்டக் கூடாது.

முன் சக்கரத்துக்கு இழுவை தரும் தண்டின் மூட்டான சிவி ஜாயின்ட் உடைந்தால் டூ ஹைக்கு (இரு சக்கர இழுவை) மாறி, முன் சக்கரத்தை அந்தத் தண்டோடு பூட்டும் ஹப் லாக் இருந்தால் திறந்து, ஸ்டீயரிங்கை ஒடிக்காமல் மெதுவாக வெளியே வாருங்கள். பல வண்டிகளில் ஜாயின்டின் வெளி முனைதான் ஹப் பேரிங்கை இறுக்கிப் பிடித்திருக்கும், அதை உருவிவிட்டு ஓட்டாதீர்கள்.

இரண்டு விஷயத்தில் பாதை ஓர வைத்தியத்தை நான் நம்புவதில்லை. பிரேக் குழாய் உடைவதும், பின் ஆக்ஸிலில் சக்கரமே வெளியே நகர்ந்து வருவதும். அங்கேயே நிறுத்தி, ஆளை அழைத்து, வேறு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். இருட்டினாலும் பரவாயில்லை.

அறிகுறி 8: தார் ரோட்டுக்கு வந்தாயிற்று, வேகம் ஏற மாட்டேன் என்கிறது

சிரமமே இல்லாத காரணங்கள் முதலில். லீவர் இன்னும் ஃபோர் லோவில் (நான்கு சக்கர இழுவை, மிக மெதுவான கியர்) இருக்கிறதா? இன்ஜின் கத்தும், வண்டி நகராது. ஃபோர் ஹையில் இருக்கிறதா? நடு டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியில் திருப்பும்போது ஸ்டீயரிங் இறுகி, டயர் துள்ளும். லீவர் வெளியே வர மறுத்தால் அடிக்காதீர்கள், நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுத்தால் இறுக்கம் விட்டு வந்துவிடும்.

டயரில் காற்று ஏற்றினீர்களா? மணலுக்காக 15 பிஎஸ்ஐக்கு இறக்கிய டயரோடு 40-க்கு மேல் போவதே தவறு. நெடுஞ்சாலை வேகத்தில் டயர் சூடேறி வெடிக்கும்.

அப்புறம் பிரேக். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, பிரேக்கை அதிகம் தொடாமல் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவருகே கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், அனல் போதும். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் தட்டைக் கவ்வும் காலிப்பர் சேற்றில் சிக்கியிருக்கிறது, அல்லது டிரம்முக்குள் மண் நிறைந்திருக்கிறது. கழுவினால் விடும். விடவில்லை என்றால் காலிப்பர் பிஸ்டனையும் ஊசிகளையும் கராஜில் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் சரி என்றால் டேஷ்போர்டில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். நனைந்த ஏர் ஃப்ளோ சென்சார் காரணமாக வண்டி தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொண்டு மெதுவாக ஓடும். கனெக்டரைக் கழற்றி உலர்த்தி மாட்டுங்கள். மிதித்தால் 'புஸ்' சத்தமும் கரும்புகையும் வந்தால் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கழன்றிருக்கிறது, கிளாம்பை இறுக்கினால் போதும். டீசல் ஃபில்டரின் அடியில் சேர்ந்த தண்ணீரை வடியுங்கள். ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது, அதற்குக் கராஜ்தான். டர்போவைக் கடைசியில் சந்தேகப்படுங்கள்.

எதுவுமே பழுதில்லை, ஆனாலும் முன்பு போன வேகம் வரவில்லையா? அப்படியானால் வண்டியில் என்ன ஏற்றியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். கூரை ரேக், கூடாரம், ஜெர்ரி கேன், பெரிய மட் டயர். காற்றைக் கிழிக்க மட்டும் 100-ல் தேவைப்படும் சக்தியைவிட 120-ல் 1.7 மடங்கு தேவை. சதுரப் பெட்டி போன்ற வண்டிக்கு அது பெரிய சுமை. இதற்கு மெக்கானிக் தேவையில்லை, ரேக்கைக் கழற்றினால் போதும்.

அறிகுறி 9: 60-க்கு மேல் ஸ்டீயரிங் நடுங்குகிறது

ரிம்முக்குள் காய்ந்த சேறு. பத்தில் ஏழெட்டு தடவை இதுதான். வெளியே பளபளவென்று கழுவியிருப்பார்கள், ரிம்மின் உள்வட்டத்தில் கைப்பிடி மண் கல்லாக இறுகியிருக்கும். கையை உள்ளே விட்டுத் தடவுங்கள், மரக்குச்சியால் சுரண்டி எடுங்கள். பாலன்ஸ் ஈயக்கட்டி விழுந்த இடத்தில் சதுரத் தழும்பு தெரிந்தால் பாலன்ஸ் செய்யுங்கள். சக்கர நட்டுகளையும் இறுக்கிப் பாருங்கள், வழியில் டயர் மாற்றியிருந்தால் 100 கி.மீ. போன பிறகு மறுபடியும்.

முன்னால் இரு சக்கரத்தையும் ஒரே தண்டாக இணைக்கும் சாலிட் ஆக்ஸில் உள்ள வண்டிகளில் இன்னொரு கொடுமை உண்டு. ஒரு பள்ளத்தில் இறங்கியதும் முன்பக்கம் முழுவதும் படபடவென்று ஆடத் தொடங்கும், ஸ்டீயரிங்கைப் பிடிக்கவே முடியாது. பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடித்து, வேகம் தானாகக் குறையட்டும்.

காரணம் தேட, வண்டி தரையில் நிற்கும்போது ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இடதும் வலதுமாகச் சின்னதாக ஆட்டட்டும். நீங்கள் குனிந்து, ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடின் இரு முனைகளையும் பாருங்கள். போல்ட் அதன் துளைக்குள் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அதுதான் குற்றவாளி. பிறகு சக்கரங்களைத் திருப்பும் கம்பியான டை ராடின் முனைகள். பிறகு சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங்கோ பால் ஜாயின்டோ தேய்ந்திருப்பது தெரியும். ஸ்டீயரிங்கின் ஆட்டத்தை அடக்கும் டேம்பரை மட்டும் மாற்றினால் ஆட்டம் சில மாதம் அடங்கும், தேய்மானம் அப்படியே இருக்கும். சஸ்பென்ஷனை உயர்த்திய பிறகு தொடங்கியது என்றால் காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) மாறியிருக்கும், அலைன்மென்ட் கடைக்குப் போக வேண்டும். வளைந்த டை ராடை வழியில் நிமிர்த்தியோ பற்றவைத்தோ வந்திருந்தால், அதை மாற்றும் வரை 40-ஐத் தாண்டாதீர்கள்.

அறிகுறி 10: ஸ்பீடோமீட்டர் ஒன்று சொல்கிறது, ஜிபிஎஸ் வேறொன்று சொல்கிறது

பெரிய டயர் மாட்டினீர்கள். 245/75 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 774 மி.மீ., 265/75 ஆர்16-க்கு சுமார் 804. வித்தியாசம் 4 சதவீதத்துக்குச் சற்றே குறைவு. முன்பு சரியாக 100-ல் போகும்போது 100 காட்டிய மீட்டர், இப்போது கிட்டத்தட்ட 104-ல் போகும்போது அதே 100-ஐக் காட்டும். பழைய டயரோடு மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டியிருந்தால் இரண்டும் சமமாகிவிடலாம், ஜிபிஎஸ் வைத்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இதைவிட அதிக வித்தியாசம் என்றால் மீட்டரைத் திருத்தி அமைக்கக் கடைக்குக் கொடுங்கள்.

டயரின் பக்கத்தில் அளவுக்குப் பின்னால் உள்ள எழுத்தையும் படியுங்கள். பல மட் டயர்களில் கியூ என்றிருக்கும், அதன் உச்ச வரம்பு 160 கி.மீ. அது புதிய, ஒட்டு இல்லாத, முழுக் காற்று உள்ள டயருக்குச் சொன்ன கணக்கு. வழியில் திரி செருகிய டயர் என்றால் நான் 60-ல் போவேன், முதல் அரை மணி நேரத்தில் ஒருமுறை நிறுத்தி, இறங்கி, அந்த டயரின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பேன்.